கிளிப்பிள்ளைப் பாடம்

பொருளுணராது நூலை உருப்போட்டுத் தேர்வில் ஒப்பிப்பானைக் 'கிளிப்பிள்ளை' என்று இகழ்வது நம்மவர் வழக்கம். சொன்னதைத் திருப்பிச் சொல்லுதலன்றிக் கிளிக்கு வேறறிவு இல்லை என்பது இவ்விகழ்ச்சிக்கு அடிப்படை. அஃது உண்மைதானா? கிளியைப் பேசப் பழக்குமாற்றை ஆராயுமிடத்து இவ்வினாவுக்கும் விடை கிடைத்தலின், இரண்டையும் ஒருங்கே ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

மனிதனுக்குக் குரல் பிறக்குமிடம் மிடறு. பறவைக்கோ மூச்சுக்குழல் இரண்டாய்ப் பிரியுமிடத்திலே குரலுறுப்பு அமைந்துள்ளது. அங்கெழும் ஒலியைக் கிளி தன் தடித்த நாவினால் வேறுபடுத்துகின்றது. இதழ்கள் அதற்கில்லை. பகரமும் மகரமும் ஈரிதழும் இயைதலாற் பிறப்பன என்பர் இலக்கண நூலார். ஆயினும் இதழில்லாக் கிளி 'அம்மா' என்றழைப்பதை நாம் தெளிவாய்க் கேட்கின்றோம். நிரோட்டகம் பாடும் புலவர் இதழொட்டாச் சொற்களைத் தேடி இடர்ப்படுவர். கிளியோ இதழின்றியே ஒட்டெழுத்தையும் ஒப்பேற்றிவிடுகின்றது! பச்சை மிளகாய் தின்னுங் கிளி விரைவிற் பேசும் என்பாரும் உளர். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை யாதலால் அதனை அவை விரும்பித் தின்னும். பேச்சுக்கும் அதற்கும் இயைபில்லை.

பின் கிளி பேசுவது எதனால்? கிளிகள் கூட்டமாய் வாழ்வன. தன் கூட்டத்தார் ஒலியைத் தானும் ஒலித்தலே அவற்றுள் உறவுக்கு அடையாளம். கூட்டினின்று பிரிந்து மனிதரிடை வாழுங் கிளி நம்மையே தன் கூட்டமாகக் கொண்டு நம் ஒலியைப் பயில்கின்றது. ஆதலின் அதனோடு உறவாடாது ஒலிப்பதிவுக் கருவியொன்றைக் கூட்டினருகில் வைத்துவிட்டுப் போவார்க்குப் பெரும்பயன் விளையாது.

இனி, சொற்களின் தொகையைக் கொண்டு கிளியின் கல்வியை அளத்தல் தகாது. கலிபோர்னியாவில் வாழ்ந்து 1994 இல் இறந்த பக் என்னும் சிறு பறவை 1,728 சொற்களை அறிந்திருந்ததாகக் கின்னஸ் சாதனை நூல் பதிந்துள்ளது. அலெக்ஸ் என்னும் ஆப்பிரிக்கச் சாம்பற்கிளிக்குத் தெரிந்த சொற்கள் ஏறத்தாழ 100 மட்டுமே. ஆயினும் அறிஞருலகம் வியந்தது அலெக்ஸைக் கண்டேயாம்.

ஹார்வர்டிற் பயின்று டாக்டர் பட்டம் பெற்ற ஐரீன் பெப்பர்பர்க் அம்மையார், 1977 இல், ஏறக்குறைய ஓராண்டு வயதினதாகிய அப்பறவையைச் சிகாகோவில் விலைக்கு வாங்கினார். அவர் கையாண்ட முறை, டீட்மார் டோட் என்ற ஜெர்மானியர் வகுத்ததைத் தழுவியது. கிளியின்முன் இருவர் அமர்வர். ஒருவர் திறவுகோலைக் காட்டி, 'இஃது யாது?' என்பார். மற்றவர் 'திறவுகோல்' என்று சரியாக விடையிறுத்தால் பொருள் அவர் கைக்குச் சேரும். தவறினால் கண்டிப்புடன் அது மறைக்கப்படும். பின் ஆசிரியர் மாணாக்கராவார், மாணாக்கர் ஆசிரியராவார். இதனையெல்லாம் பார்த்திருக்குங் கிளி தானும் போட்டியில் இறங்கும். இங்கு நாம் கருதத் தக்கது பரிசின் இயல்பு. எச்சொல்லைச் சொன்னாலும் கொய்யாத் துண்டே கிடைக்குமாயின் எல்லாச் சொல்லுக்கும் கொய்யாவே பொருளென்று கிளி எண்ணுதல் கூடும். அலெக்ஸுக்கோ பெயரைச் சொன்ன பொருளே பரிசாயிற்று. சொல்லும் பொருளும் இவ்வாறு பிரியாது ஒட்டின.

நிறம், வடிவம், எண், இரு பொருள்களின் ஒப்புமை வேற்றுமை ஆகியவற்றை அலெக்ஸ் கற்றது. சோதனைகளில் நூற்றுக்கு 80 அளவில் அதன் விடைகள் சரியாயிருந்தன. ஒரு நிகழ்ச்சியை மட்டும் விரித்துரைப்போம். வெவ்வேறு நிறக் கட்டைகளை இரண்டும் மூன்றும் ஆறுமாகத் தட்டொன்றில் தொகுத்து வைத்து, 'மூன்று எந்நிறம்?' என்று வினவினர். 'ஐந்து' என்றது அலெக்ஸ். மீண்டும் வினவ, மீண்டும் 'ஐந்து'. சலித்துப்போய், 'சரி, ஐந்து எந்நிறம்?' என்று கேட்டபோது, 'ஒன்றுமில்லை' என்று அது விடை கூறிற்று. தட்டில் ஐந்தாக எதுவும் இல்லை! இரு பொருள்களிடையே ஒப்புமையோ வேற்றுமையோ இல்லாதவிடத்துச் சொல்லும்படி பழக்கப்பட்ட சொல்லது. எண்ணில்லாமைக்கு அதனை வழங்குமாறு எவரும் கற்பித்திலர். இச்செய்தி 2005 இல் ஆராய்ச்சியிதழில் வெளிவந்தது. ஒரு பறவையின் செயல் கொண்டு அதன் இனமனைத்தையும் அளந்துவிடல் ஆகாதென்பாரை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பழைய இகழ்ச்சி இனிச் செல்லாதென்றே எண்ணுகின்றோம். அலெக்ஸ் 2007 செப்டம்பர் 6 இல், தன் 31 ஆம் வயதில் இறந்தது.

வித்தை பழக்குதல் சொற்பழக்குதலினும் எளிது. கிளியின் கால்களுக்கு மேலே வயிற்றில் விரலை மெல்ல அழுத்தினால் அது விரல்மேல் ஏறும். அப்போதே 'ஏறு' என்று சொல்லி, அக்கணமே சூரியகாந்தி விதையொன்று கொடுக்க. தாமதித்துக் கொடுத்த பரிசு எதற்கென்று பறவை அறியாது. நாணயத்தைக் கிண்ணத்தில் இடப் பழக்குவோர், முதலில் அதனைத் தொட்டதற்கும், பின் எடுத்ததற்கும், பின் கிண்ணத்தருகே கொணர்ந்ததற்கும் எனப் படிப்படியாய்ப் பரிசளிப்பர். சோதிடக்காரன் கிளி சீட்டெடுத்துக் கொடுத்தவுடன் நெல்மணி பெறுவதும் இம்முறையே. அடித்துப் பழக்கலாகாது. கூச்சலிடுங் கிளியை ஓடிவந்து அதட்டுவதும் வீண். துணை தேடிக் கூவிய கிளிக்கு அவ்வருகையே பரிசாய்விடும்.

எக்கிளியை வளர்ப்பது? நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூட்டிலடைத்தல் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், சோதிடக்காரனுக்கும் விலக்கில்லை. காட்டிற் பிடித்த சாம்பற்கிளியை நாடுவிட்டு நாடு விற்பதும் 2016 இல் உலக நாடுகள் செய்த முடிவினால் தடுக்கப்பட்டது. கடைவீதியில் 'லவ் பேர்ட்ஸ்' என வழங்கும் ஆஸ்திரேலியச் சிறுகிளி கூட்டிலேயே தலைமுறை தலைமுறையாய் வளர்ந்தது. மேற்கூறிய பக் அவ்வினத்ததே. அவற்றுள் ஆண் எளிதிற் பேசப் பயிலும். பெரும்பாலும் அலகின்மேல் மூக்குத்தோல் நீலமாயிருத்தல் அதன் அடையாளம். தனித்த பறவை விரைவிற் பேசுமென்பது மெய்யே. ஆனால் அதற்கு வேறு துணையின்மையாற் பகலில் நெடுநேரம் நாமே துணையாதல் வேண்டும். துணையற்றுச் சோர்ந்த கிளிகள் தம் இறகைத் தாமே பறித்துக்கொள்வதுண்டு. காலையிற் கல்லூரிக்கு வந்து இருட்டிய பின் வீடு திரும்பும் நம் மாணாக்கர், வாங்குமுன் இரண்டு பறவைகளாக வாங்கி, அவை தம்முள் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பதே நலம் என்போம்.