முப்பதா, நாற்பதா?

(மேல்முறையீட்டின் கதை – 7)

குற்றம் நிரூபணமானதா இல்லையா என்பதை மேல்முறையீட்டு நீதிபதிகள் எப்படி அலசுகிறார்கள் என்று சென்ற வாரம் பார்த்தோம். குற்றவாளி என்பது உறுதியான பிறகு எழும் கேள்வி வேறு. எத்தனை ஆண்டு? எத்தனை பிரம்படி? அல்லது தூக்கா? மலேசியாவில் மிக நீண்ட காலம், மிகக் கொடிய குற்றங்களுக்கு இந்தக் கேள்வியே எழவில்லை.

மாக் மண்டின் பக்கம் ஒரு கொலை நடந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பிடிபட்ட இளைஞனை முதலில் பட்டர்வொர்த் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள். குற்றச்சாட்டை வாசித்துக் காட்டுவார்கள். புரிகிறது என்று அவன் தலையசைப்பான். கொலை வழக்கு உயர்நீதிமன்றத்துக்கு உரியது என்பதால் ஒப்புக்கொள்கிறானா, மறுக்கிறானா என்று அங்கே எதுவும் பதிவாகாது. ஜாமீனும் கிடையாது. பிறகு வழக்கு கடல் தாண்டி ஜார்ஜ்டவுன் போய்விடும். அன்றிலிருந்து அந்தக் குடும்பம் விசாரணைக்கு விசாரணை ஃபெர்ரி ஏற வேண்டியதுதான். கரையிறங்கி நடந்தால் எட்டிவிடும் தூரத்தில் லைட் சாலையில் உயர்நீதிமன்றம் இருக்கிறது. ஊருக்கு உழைத்த வழக்கறிஞர் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகனின் நினைவுச் சின்னமும் அங்கேதான். 1807-ல் இங்கிலாந்து மன்னரின் நீதிப் பட்டயம் கிடைத்து, அடுத்த ஆண்டே நீதிமன்றம் கூடிய ஊர் இது. இந்த நாட்டின் நீதித்துறை வரலாறு பினாங்கில் தொடங்குகிறது என்றால் அது மிகையில்லை.

2023 ஜூலைக்கு முன்பு தண்டனைச் சட்டத்தின் 302-ஆவது பிரிவில் கொலைக் குற்றம் நிரூபணமானால் நீதிபதிக்கு ஒரே வழிதான். தூக்கு. எதிரே நிற்பவன் பத்தொன்பது வயதுப் பையனா, திட்டமிட்டு மூன்று பேரைக் கொன்றவனா என்று பார்க்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. விசாரித்த நீதிபதிக்கே தண்டனையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாதபோது மேல் நீதிமன்றம் அவருக்கு என்ன வழி காட்டும்?

இந்தக் கட்டாயம் பினாங்கில் எப்படி வேலை செய்தது என்பதை உலகமே பார்த்த வழக்கு ஒன்று உண்டு. 1983 நவம்பரில் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் ஒரு பெட்டிக்குள் ஹெராயின் பிடிபட்டது. பார்லோ, சேம்பர்ஸ் என்ற இருவர் கைதானார்கள். சட்டம் குறித்திருந்த எல்லை 15 கிராம். பெட்டியில் இருந்தது அதைப்போலப் பல மடங்கு. 1985-ல் பினாங்கு உயர்நீதிமன்றம் இருவருக்கும் தூக்கு விதித்தது. பார்லோவுக்காக வாதாடியவர் நம் ஜெலுத்தோங் புலி கர்ப்பால் சிங். மேல்முறையீடு தள்ளுபடியானது. 1986 ஜூலை 7 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள்.

இதில் எல்லாரும் கவனிக்காமல் விடுவது ஒரு தேதி. போதைப்பொருள் கடத்தலுக்குத் தூக்கைக் கட்டாயமாக்கிய திருத்தம் 1983 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் தூக்கா, ஆயுள் சிறையா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நீதிபதிக்கு இருந்தது. அதே பெட்டி ஓராண்டு முன்னால் பிடிபட்டிருந்தால், பெட்டியைக் கொண்டுவந்தவர் யார், கூட வந்தவரின் பங்கு என்ன, இருவரையும் ஒரே தராசில் வைக்கலாமா என்றெல்லாம் தண்டனைக் கட்டத்தில் வாதம் நடந்திருக்கும். 1985-ல் அந்த வாதத்துக்கு வேலையே இல்லை. பெட்டி யாருடையது என்பதோடு வழக்கு முடிந்துவிட்டது.

கட்டாயத் தூக்கு அரசமைப்புக்கு ஏற்றதுதானா என்ற கேள்வியை 2020 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் விசாரித்தார்கள். செல்லும் என்றார்கள் எட்டுப் பேர். ஒருவர் மட்டும் மறுத்துத் தனித் தீர்ப்பு எழுதினார். அவர் நீதிபதி நளினி பத்மநாதன். அந்தத் தனிக்குரல் சட்டமாகவில்லை. ஆனால் தண்டனையை முடிவு செய்வது நீதிபதியின் கடமை, அதை நாடாளுமன்றம் முன்கூட்டியே பூட்டி வைக்க முடியுமா என்ற விவாதத்தை அது அணையவிடாமல் வைத்திருந்தது. மூன்று ஆண்டுகளில் நாடாளுமன்றமே பூட்டைத் திறந்தது.

கட்டாய மரண தண்டனை ஒழிப்புச் சட்டம் 2023 ஜூலை 4 அன்று நடைமுறைக்கு வந்தது. இப்போது கொலைக்குத் தூக்கு விதிக்கலாம். இல்லாவிட்டால் 30 ஆண்டுக்குக் குறையாமல், 40 ஆண்டுக்கு மேற்படாமல் சிறையும், 12-க்குக் குறையாத பிரம்படியும் விதிக்க வேண்டும். போதைப்பொருள் கடத்தலுக்குத் தூக்கு அல்லது ஆயுள் சிறை. தூக்கு இல்லையென்றால் அங்கேயும் 12 பிரம்படி. ஏற்கெனவே தூக்குக்குக் காத்திருந்தவர்கள் தண்டனையை மட்டும் மறுபரிசீலனை செய்யக் கேட்க இன்னொரு சட்டம் வழி செய்தது. அந்த மனுக்களைக் கூட்டரசு நீதிமன்றம் 2023 நவம்பரிலிருந்து ஒவ்வொன்றாக விசாரித்தது. குற்றவாளியா இல்லையா என்று அங்கே யாரும் பேசவில்லை. பேச்செல்லாம் தண்டனை பற்றியதுதான். பெரும்பாலானவர்களுக்குத் தூக்கு, சிறையாக மாறியது.

இனிதான் நம் விஷயம். 30-க்கும் 40-க்கும் இடையே பத்து ஆண்டு. ஒரு நீதிபதி 30 என்கிறார், இன்னொருவர் 38 என்கிறார். இரண்டும் சட்டத்துக்கு உட்பட்டவைதான். எது நியாயம்?

அந்தப் பத்து ஆண்டின் கனத்தை ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கைதானபோது ஒருவனுக்கு 27 வயது. கைதான நாளிலிருந்து 30 ஆண்டு என்று உத்தரவு. நன்னடத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். 20 ஆண்டு உள்ளே இருந்து 47 வயதில் வெளியே வருவான். தாய்க்கு அப்போது எழுபது சொச்சம், உயிரோடு இருக்க வாய்ப்புண்டு. 40 ஆண்டு என்றால் 26 ஆண்டு 8 மாதம். வெளியே வரும்போது வயது 53-ஐத் தாண்டியிருக்கும். இதற்கு மேல் இன்னொன்று. சிறைக் கணக்கு கைதான நாளிலிருந்து ஓடுமா, தீர்ப்பு நாளிலிருந்து ஓடுமா? உத்தரவில் இதற்கென்று ஒரு வரி இருக்கும். விசாரணை நான்கு ஆண்டு இழுத்திருந்தால், அந்த ஒரு வரியில் நான்கு ஆண்டு தொங்குகிறது. தண்டனையின் அளவைப் பற்றி அழும் குடும்பங்கள் இந்த வரியைக் கேட்க மறந்துவிடுகின்றன. மேல்முறையீட்டில் இதையும் எழுப்பலாம்.

சரி, மேல் நீதிமன்றம் எப்போது தலையிடும்? பின்னாளில் பேராக் சுல்தானாகவும் மாமன்னராகவும் ஆன ராஜா அஸ்லான் ஷா, 1982-ல் சட்ட இதழில் வெளியான ஒரு தீர்ப்பில் இதைத் தெளிவாக வரையறுத்தார். அந்த இடத்தில் நாங்கள் இருந்திருந்தால் வேறு தண்டனை கொடுத்திருப்போம் என்பதற்காக மட்டும் மேல் நீதிமன்றம் கை வைக்காது. கீழ் நீதிமன்றம் கொள்கையில் தவறியிருக்க வேண்டும். அல்லது முக்கியமான ஒரு சங்கதியைக் கவனிக்காமல் விட்டிருக்க வேண்டும். அல்லது தண்டனை வெளிப்படையாகவே மிகையாகவோ குறைவாகவோ இருக்க வேண்டும். இன்றுவரை நம் வழக்கறிஞர்கள் தண்டனை மேல்முறையீட்டில் ஊன்றி நிற்பது இந்த அடித்தளத்தில்தான்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, 1976-ல், நீதிபதி ஹாஷிம் இயோப் சானி தண்டனையில் பொது நலனே முதலில் வர வேண்டும் என்று எழுதினார். நாட்டின் நீதிமன்றங்கள் அதை ஆயிரம் முறை மேற்கோள் காட்டியிருக்கும். நல்ல கொள்கைதான். ஆனால் பொது நலன் என்ற சொல் 30 என்றும் சொல்லாது, 38 என்றும் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது மேல்முறையீட்டு நீதிபதிகளின் எழுத்து. இது என் உறுதியான கருத்து.

மற்ற நாடுகள் இதை எப்படிச் செய்தன என்று பாருங்கள். இங்கிலாந்தில் 1982-ல் தலைமை நீதிபதி லார்ட் லேன், ஒரு போதைப்பொருள் மேல்முறையீட்டைச் சாக்காக வைத்து, எந்த வகைப் போதைப்பொருளுக்கு, எந்த அளவுக்கு, ஏறத்தாழ எத்தனை ஆண்டு என்று நாட்டின் எல்லா நீதிபதிகளுக்கும் சேர்த்தே எழுதிவிட்டார். பின்னால் அந்த வேலைக்கென்றே அங்கே ஒரு மன்றம் அமைந்தது. நமக்குப் பக்கத்திலேயே சிங்கப்பூரில், 2017-ல் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் தலைமையிலான அமர்வு, பாலியல் வல்லுறவு வழக்குகளுக்கு மூன்று படிகளை வகுத்தது. கொடுமை கூட்டும் காரணங்கள் குறைவு என்றால் 10 முதல் 13 ஆண்டு. இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்தால் 13 முதல் 17. மிகக் கொடியது என்றால் 17 முதல் 20. ஒவ்வொரு படிக்கும் பிரம்படி எண்ணிக்கையும் உண்டு. குற்றத்தின் கனத்தைப் பார்த்து முதலில் படியைத் தேர்ந்தெடு, பிறகு குற்றவாளியின் தனிச் சூழலைப் பார்த்துக் கூட்டு அல்லது குறை என்பது அதன் முறை.

இந்தியாவின் வழி வேறு. 1980-ல் பச்சன் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம், அரிதினும் அரிதான வழக்கில் மட்டுமே தூக்கு என்றது. எண் எதுவும் தரவில்லை. விளைவு, ஒரே மாதிரிக் கொலைக்கு ஓர் அமர்வு தூக்கு கொடுத்தது, இன்னோர் அமர்வு ஆயுள் கொடுத்தது. இந்தச் சீரின்மையை உச்சநீதிமன்றமே பின்னாளில் ஒப்புக்கொண்டது. 2022-ல் மத்தியப் பிரதேச வழக்கொன்றில் அது ஒரு படி மேலே போனது. தூக்கு கேட்கும் அரசு, குற்றவாளியின் மனநிலை, குடும்பச் சூழல் பற்றிய அறிக்கையை விசாரணைக் கட்டத்திலேயே தாக்கல் செய்ய வேண்டும் என்றது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த உத்தரவுதான். நீதிபதிக்கு எண்ணைச் சொல்லித் தருவதற்கு முன், அந்த ஆளை முழுதாக அவர் கண் முன் நிறுத்தச் சொல்கிறது அது.

நம் ஊரில் அந்த ஆள் எப்படி நிறுத்தப்படுகிறான்? மேல்முறையீட்டுக் கோப்பு என்பது பல நூறு பக்கம். சாட்சியம், வேதியியல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை, படங்கள் எல்லாம் இருக்கும். தண்டனைக் குறைப்பு வேண்டுகோள் வரும் இடத்தைத் தேடிப் புரட்டினால் பல வழக்குகளில் நான்கைந்து வரிதான். முதல் குற்றம். திருமணமானவர். வயதான பெற்றோர் உள்ளனர். மனம் வருந்துகிறார். அவ்வளவே. இவனுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன ஆனது, தலையில் அடிபட்டதா, யார் இழுத்துப் போனார்கள், இறந்தவரின் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டானா, சிறையில் இருந்த காலத்தில் என்ன செய்தான் என்று எதுவும் இல்லை. தூக்கு கட்டாயமாக இருந்தபோது அந்த நான்கு வரிகூடத் தேவையில்லாமல் இருந்தது. பழக்கம் இன்னும் போகவில்லை. கீழ் நீதிமன்றத்தில் பேசப்படாத ஒன்றை அந்த நீதிமன்றம் கவனிக்கத் தவறிவிட்டது என்று மேல்முறையீட்டில் யாரும் வாதாட முடியாது. புதிய ஆதாரத்தை மேல்முறையீட்டில் ஏற்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்த வாசல் குறுகலானது.

இறந்தவரின் குடும்பத்துக்கும் இது பொருந்தும். தண்டனை விதிக்கும் முன், பாதிப்பை நேரில் எடுத்துச் சொல்லும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2012-லிருந்து அவர்களுக்கு இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும். மகனைப் பறிகொடுத்த தாய் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்லும் வார்த்தையும் பதிவாகி மேலே போகும். நாற்பது வேண்டும் என்று கேட்க அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கும் அதுவே துணை. குற்றவாளியின் குடும்பத்தைப் பற்றி மட்டும் எழுதி, இந்தப் பக்கத்து வலியை விட்டுவிடுவது சரியல்ல. கொன்றவனும் கொல்லப்பட்டவனும் பல நேரம் ஒரே அடுக்குமாடியில், ஒரே தமிழ்ப்பள்ளியில் வளர்ந்தவர்கள்.

நம் மேல் நீதிமன்றங்கள் நெடுங்காலமாக எண்களைவிடக் கொள்கைகளையே விரும்பி வந்திருக்கின்றன. ஒவ்வொரு வழக்கும் தனி என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருக்கிறது. அதில் நியாயம் உண்டு. சிங்கப்பூர் போல இறுக்கமான படிகளை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. ஆனால் புதிய 302-க்கு, 30 ஆண்டு எந்த மாதிரி வழக்குக்கு, 40 எதற்கு, தூக்கு இன்னும் எதற்கு என்று காரணங்களோடு எழுதிய தீர்ப்புகள் வேண்டும். அமர்வுக்கு அமர்வு, ஊருக்கு ஊர் ஆண்டுகள் மாறினால், தண்டனை நீதிபதியைப் பொறுத்தது என்ற பேச்சு சிறைக்குள் பரவும். அது நீதிமன்றத்துக்கு நல்லதல்ல.

இதைப் படிக்கும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். தண்டனையை எதிர்த்து மட்டும்கூட மேல்முறையீடு செய்யலாம். அரசுத் தரப்பும் தண்டனை போதாது என்று மேலே போகலாம் என்பதை மறக்க வேண்டாம். தூக்குத் தண்டனைக்கு இடமுள்ள வழக்குகளில், வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியில்லாதவருக்கு நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும். நியமிக்கப்பட்ட வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே பள்ளிச் சான்றிதழ், மருத்துவமனைக் கோப்பு, வேலை செய்த ஃபேக்டரியின் கடிதம், தெரிந்த ஆசிரியரின் பெயர் எல்லாவற்றையும் ஒரு கோப்பாகக் கொடுங்கள். தீர்ப்பு நாள்வரை காத்திருக்காதீர்கள்.

(அடுத்த வாரம்: பிரம்படி – சட்டம் யாரை விலக்குகிறது, ஏன்?)