2018-ஆம் ஆண்டின் சிறந்த விடியோ விளையாட்டுகள்

விடியோ விளையாட்டு என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே நம் பெரியோர் முகஞ் சுளிப்பது வழக்கம். காலத்தையும் கண்ணையும் ஒருங்கே கெடுப்பது என்பது அவர்தம் துணிபு. அதில் உண்மையில்லையென வழக்காட யான் முன்வரவில்லை. சென்ற பருவத் தேர்வில் யாப்பிலக்கணத்தில் யான் பெற்ற மதிப்பெண்ணே அவர்கள் பக்கம் நின்று சான்று பகரும். எனினும், ஒன்றைப் பழிப்பதற்கு முன்னர் அதனுள் நல்லது எது, அல்லது எது எனப் பிரித்தறிதல் நடுவுநிலைமைக்கு வேண்டுவதொன்றன்றோ? நாவலையும் ஒரு காலத்தில் இளைஞரைக் கெடுப்பதென ஐயுற்றார் பலர். இன்று அது நமக்குப் பாடமாய் அமைந்துளது. ஆதலின், ஓராண்டில் வெளிவந்த விளையாட்டுகளுட் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவற்றுள் சிறந்தது யாது, எக்காரணம்பற்றிச் சிறந்தது என என் சிற்றறிவிற்கு எட்டியவாறு கூறப் புகுகின்றேன்.

எடுத்துக்கொண்ட ஆண்டு 2018. அண்மை ஆண்டினை விடுத்துக் கழிந்துபோன ஒன்றை நாடுவது ஏன் எனின், அவ்வாண்டில் யான் பள்ளிச் சிறுவன்; கையிற் காசில்லை. அப்போது வெளிவந்தவற்றை விலை குறைந்த பின்னரே, அதுவும் என் பெரியப்பா மகனாகிய அண்ணனுடைய வீட்டில், விடுமுறை நாட்களில் ஆட நேர்ந்தது. இதனினும் தக்க காரணம் மற்றொன்றுண்டு. ஆண்டு முடியுமுன் வழங்கும் தீர்ப்புப் பலகாலும் பிழைபடும். அமாங் அஸ் என்னும் விளையாட்டு 2018 ஜூன் மாதத்திலேயே வெளிவந்தது. அன்று அதனை ஏறெடுத்துப் பார்த்தவர் மிகச் சிலர். 2020-இல் கொரோனாத் தொற்றினால் உலகம் வீட்டினுள் அடைபட்டபோதோ, அதனை அறியாத இளைஞர் அரியராயினர். ஆகவே சில ஆண்டுகள் ஆறவிட்டுப் பேசுதல் நன்று.

அவ்வாண்டின் விளையாட்டு யாதென எங்கள் தெருவில் வினவியிருப்பின், யாவரும் பப்ஜி என்றே விடையிறுத்திருப்பர். 2018 மார்ச்சில் கைப்பேசிக்கு வந்து, ஊர்தோறும் பரவி, 2020 செப்டம்பரில் நம் நாட்டரசினரால் தடைசெய்யப்பட்ட விளையாட்டு அது. அதனை இக்கட்டுரையில் யான் விலக்கியது கொள்கைபற்றியன்று. அதனை ஆட என் தந்தையார் இசைந்திலர். ஆடாததைப் பற்றித் தீர்ப்புக் கூறுதல் முறையன்று.

நிற்க. ஒரு விளையாட்டைச் சிறந்ததென்பதற்கு அளவுகோல் யாது? படம் அழகியது, இசை இனியது, கதை நன்று என்பன திரைப்படத்திற்கும் பொருந்துவன. விளையாட்டிற்கே உரியது ஆடுபவன் கை செய்யும் செயலேயாம். செய்யுளில் ஓசையும் பொருளும் ஒன்றியியலுதல் போல, விளையாட்டில் கையின் செயலும் அது உணர்த்தக் கருதிய பொருளும் ஒன்றியியல வேண்டும். பரணிக்குரிய துள்ளு நடையிற் கையறுநிலை பாடினால் கேட்போர் நகைப்பர். இவ்வளவுகோலைக் கையிற் கொண்டே மேற்செல்வேன்.

அவ்வாண்டு டிசம்பர் 6-ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடைபெற்ற தி கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டெனப் பரிசு பெற்றது காட் ஆஃப் வார். மனைவியை இழந்த கிரேட்டோஸ் என்பான், தன் இளமகன் அட்ரியஸை உடன்கொண்டு, அவளுடைய சாம்பலை மிகவுயர்ந்த மலைமுடியினின்று தூவச் செல்லுதலே கதை. தொடக்கமுதல் இறுதிவரை காட்சி ஓரிடத்தும் வெட்டுண்ணாது ஒரே ஓட்டமாய்ச் செல்லுமாறு அதனை அமைத்துளர். எறிந்த கோடரி, ஒரு விசையை அழுத்தக் காற்றைக் கிழித்து மீண்டு வந்து உள்ளங்கையிற் பொருந்தும். அவ்வின்பம் ஆடினார்க்கன்றிப் பிறர்க்கு விளங்காது. மானை எய்து மனங்கலங்கி நிற்கும் மகனுடைய முதுகைத் தொட நீண்ட தந்தையின் கை, பாதியிலே தயங்கிப் பின்வாங்குங் காட்சியொன்று தொடக்கத்தில் வருகின்றது. அன்பிருந்தும் வாய்திறவாத தந்தையரை வீட்டிற் கண்டோர்க்கு அஃது ஒன்றே போதும். இவ்வளவிருந்தும் யான் அதற்கு முதலிடம் தாரேன். பண்டு செய்த கொலைகளை எண்ணி வருந்தும் ஒருவன் வரலாற்றை வாய் சொல்லுகின்றது. கையோ பலமணி நேரம் கொலையே செய்து, அதன்கண் மகிழவும் செய்கின்றது. வாயும் கையும் மாறுபட்டவழி எதனை நம்புவது?

அக்டோபர் 26-ஆம் நாள் வெளிவந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 பணத்தால் அவ்வாண்டின் பேரரசு எனலாம்; முதல் மூன்று நாளில் 72 கோடியே 50 லட்சம் டாலர் ஈட்டிற்று. 1899-ஆம் ஆண்டின் அமெரிக்காவில் அலைந்து திரியும் கொள்ளைக் கூட்டத்தின் கதை. குதிரைக்குத் தீனியிட்டு உடல் தேய்த்தல் வேண்டும். துப்பாக்கியைத் துடைத்தல் வேண்டும். யாதும் மெல்லவே நடக்கும். இம்மெல்லிய நடையைக் குறையெனக் கூறுவார் பலர். யான் அதனையே பாராட்டுவேன். என் மனக்குறை வேறு. எல்லையற்ற வெளியைக் கண்முன் விரித்துக் காட்டிவிட்டு, பணியொன்றைத் தொடங்கியவுடன், குறித்த வழியினின்று சிறிது விலகினும் தோற்றாயெனக் கூறித் திருப்பி அனுப்புகின்றது. இதன் ஆசிரியருள் ஒருவராகிய டான் ஹவுசர், வாரத்திற்கு 100 மணிநேரம் உழைத்தோம் எனப் பேட்டியொன்றிற் கூற, அது பெரும் பூசலை விளைத்தது. மூத்த எழுத்தாளர் நால்வர் மூன்று வாரம் உழைத்ததையே தாம் குறித்ததாகப் பின்னர் அவர் விளக்கினார். எவ்வாறாயினும், குதிரையின் பிடரிமயிர் காற்றில் அசைவதைக் காணும்போதெல்லாம் அதனை வரைந்தவர் வீடு சென்று உறங்கினாரோ என்னும் எண்ணம் எனக்கு எழாமற் போவதில்லை.

செலஸ்ட் சிறியது. மேடலீன் என்னும் இளம்பெண் ஒரு மலையேறுகின்றாள், அவ்வளவே. 2015-இல் நான்கே நாளிற் செய்த ஒரு சிறு விளையாட்டினின்று வளர்ந்து, 2018 ஜனவரியில் முழுவுருவம் பெற்றது. குதித்தல், பற்றியேறுதல், காற்றில் ஒருமுறை பாய்தல் என்பனவே அவள் வல்லன. ஒரு கணம் பிழைத்தால் இறப்பு. அடுத்த கணமே அவ்விடத்தில் மீண்டும் பிறப்பு. யான் இறந்த முறை ஆயிரத்துக்கு மேற்பட்டதென விளையாட்டே எண்ணிக் கூறிற்று. மனக்கலக்கத்தால் வருந்தும் அப்பெண்ணை அவளுடைய நிழலுருவமே துரத்துகின்றது. அதனை வெல்லுதலினும் அதனொடு பொருந்துதலே வழியென்று காட்டுமிடம் நுட்பமானது. ஏறமாட்டாதார்க்கு வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும், வீழ்ந்தாலும் இறவாதிருக்கவும் விதி தளர்த்தித் தந்திருத்தல் பெருந்தன்மை. அண்ணன் அதனை ஏமாற்று என்பான். ஒரு கை சரிவர இயங்காத என் நண்பனொருவன் அவ்வுதவியைக் கொண்டே முடிவரை ஏறினான். அவன் முகத்தை அப்போது கண்ட யான் அண்ணனொடு உடன்படேன்.

இன்டு தி பிரீச் சதுரங்கம் வல்லார்க்கு உரியது. எட்டுக்கு எட்டான கட்டங்கள். பகைவர் அடுத்து எங்கே தாக்குவர் என்பதை முன்னரே காட்டிவிடும். மறைவு என்பது பெரும்பாலும் இல்லை. தோற்றால் பழி நம்மதே. வல்லார் அதனை இன்னும் மிகுதியாய்ப் புகழ்வர். யான் சதுரங்கம் வல்லேனல்லேன்.

இனி, கைப்பேசியில் அரைமணி நேரத்திற்குச் சற்றே மிகையாக ஆடி முடிக்கத்தக்க ஃபுளோரன்ஸ் என்பதைக் கூறவேண்டும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் கென் வாங் என்பாரும் அவர்தம் குழுவினரும் ஆக்கியது. 2018 பிப்ரவரி 14-ஆம் நாள் வெளிவந்தது. ஃபுளோரன்ஸ் என்னும் இருபத்தைந்து வயதுப் பெண், கிரிஷ் என்னும் செல்லோ வாசிக்கும் இந்திய மரபினனைக் காதலித்துப் பிரிதலே பொருள். முதற் சந்திப்பில் அவள் பேசவேண்டுமாயின், துண்டுகள் பலவற்றைப் பொருத்தி ஒரு பேச்சுக்குமிழியை நாம் நிரப்ப வேண்டும். அவள் நாத்தடுமாற்றம் நம் விரலில் நிகழ்கின்றது. பழக்கம் மிக மிகத் துண்டுகள் குறைந்துகொண்டே வந்து, இறுதியில் ஒன்றாகின்றன. பூசல் நேரும்போதோ அத்துண்டுகள் கூர்முனை பெறுகின்றன; அவன் நிரப்புமுன் நாம் நிரப்ப விரைகின்றோம். அவன் அவள் வீட்டிற் குடிபுகும்போது, அவள் பொருளை ஒதுக்கி அவன் பொருளுக்கு அலமாரியில் இடம் தேடியதும் நம் கையே. அவன் பிரியும்போது அவற்றைப் பெட்டியில் இடுவதும் அதே கை. காதலர் இருவர் உரையாடலில் ஒரு சொல்லும் எழுத்திற் காட்டப்படவில்லை. தலைவன் தலைவி கூற்றுகளை மூன்றாண்டு கற்று வரும் எனக்கு, கூற்றேயின்றிப் பிரிவை உணர்த்த இயலும் என்பது வியப்பாயிற்று. வாயும் கையும் ஈண்டு ஒன்றாயின.

எனினும் முதலிடம் இதற்குமன்று. அது லூகஸ் போப் என்னும் ஒருவர் பல ஆண்டு முயன்று ஆக்கி, 2018 அக்டோபர் 18-ஆம் நாள் வெளியிட்ட ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் என்பதற்கே உரியது. அதனை முதன்முதற் காண்பார்க்கு ஏமாற்றமே உண்டாகும். பழைய மாக்கின்டாஷ் கணினித் திரைபோல் இரண்டே நிறம்; புள்ளிகளாலும் கோடுகளாலும் ஆன உருவங்கள். கதை இது: 1802-இல் லண்டனிலிருந்து கீழ்நாடு நோக்கிப் புறப்பட்ட ஓப்ரா டின் என்னும் கற்பனை வாணிகக் கப்பல் காணாமற் போயிற்று. 1807-இல் அது தானே மிதந்து இங்கிலாந்தின் ஃபால்மத் துறையை அடைந்தது, உயிரோடு ஒருவருமிலர். நாம் கிழக்கிந்தியக் கம்பெனியார் அனுப்பிய கணக்காயர். கப்பலிலிருந்தோர் அறுபதின்மர். ஒவ்வொருவரும் யார், எவ்வாறு மாண்டார் அல்லது என்னவானார், மாண்டது எவராலாயின் அவர் யார் என்பவற்றை எழுதி முடிக்கவேண்டும். போரில்லை, ஓட்டமில்லை.

கருவி இரண்டு. ஒன்று ஏடு, அதில் அறுபதின்மர் பெயர், பணி, பிறந்த நாடு ஆகியவற்றின் அட்டவணையும், கப்பலில் வந்த ஓவியன் தீட்டிய முகங்களும் உள. ஆனால் எம்முகம் எப்பெயருக்குரியது என்பது இல்லை. மற்றொன்று ஒரு கடிகாரம். எலும்புக்கூட்டின் அருகே அதனைத் திறந்தால், அம்மனிதன் இறந்த கணத்தின் ஒலி இருளிற் கேட்கும். பின்னர் அக்கணம் கல்லிற் செதுக்கியதுபோல் அசைவற்று நம்மைச் சூழ நிற்கும். அதனுள் நடந்து, யார் யாரைப் பெயர் சொல்லி விளித்தார், எவர் விரலில் மோதிரம், எவர் ஆடை எப்பணிக்குரியது, எவர் எம்மொழி பேசினார் என நோக்கவேண்டும். மாலுமிகள் படுக்கும் தூக்குப்படுக்கைகளில் எண்கள் தொங்கும். அவை அட்டவணை எண்ணொடு ஒத்திருத்தலைக் கண்டுகொண்ட இரவில் யான் உரக்கக் கூவிப் பெரியம்மாவை எழுப்பிவிட்டேன். மூவர் நிலை சரியாய் எழுதப்பட்டாலன்றிச் சரியென்று ஏடு ஒப்பாது. ஆதலின் குருட்டுத் துணிவாய் எழுதுதல் பயன்படாது. இங்கே கை செய்வது எழுதுதலும், கண் செய்வது உற்றுநோக்குதலுமே. நூலின் பொருளும் அதுவே.

அட்டவணையில் இந்தியா எனக் குறிக்கப்பட்ட மாலுமிகள் சிலர் உளர். லாஸ்கர் என்ற பெயரால் நம் நாட்டினர் பலர் அக்காலத்து ஆங்கிலக் கப்பல்களில் ஊழியஞ் செய்தமை வரலாறு அறிந்ததே. அவருள் இருவர் கதையின் தொடக்கத்திலேயே நோயால் உயிர்விடுகின்றனர். போருமில்லை, சூழ்ச்சியுமில்லை, கதைக்கு அவ்விறப்புகளால் ஆவது சிறிதே. வேறு ஆசிரியராயின் ‘சில மாலுமிகள் மாண்டனர்’ என ஒரு வரியில் முடித்திருப்பார். இவரோ கப்பற்றலைவனுக்கு எத்துணை வரியோ, அவ்விருவர்க்கும் அத்துணை வரியே ஏட்டில் இட்டுவைத்துளர். அவர் பெயரை யான் கண்டறியாவிடின் கணக்கு முடியாது.

இதனை ஆடி முடியாத நிலையில் விடுமுறை கழிந்து விடுதிக்கு மீண்டேன். முதல்நாள் இராப்பந்தியில் உணவு பரிமாறியவர் என் இலையில் வழக்கம்போல் இரசத்தை மிகுதியாக வார்த்தார். ஈராண்டாக வார்த்து வருகின்றார். அவர் பெயர் எனக்குத் தெரியாதென்பது அப்போதுதான் உறைத்தது. உடன் உண்ட அறுவரையும் வினவினேன், ஒருவரும் அறியார். ‘அண்ணா’ என்று அழைத்தே காலம் கழித்துளோம். பந்தி முடிந்தபின் சென்று கேட்டேன், சொன்னார். ஈண்டு எழுதலாமோ என்றதற்கு, “எதுக்கு தம்பி, வேண்டாம்” என்றார், ஆகலின் எழுதிற்றிலேன்.

என் ஏட்டில் இதுவரை ஐம்பத்து நால்வர் முடிந்தனர், அறுவர் எஞ்சினர். அவருள் நால்வர் பாய்மரமேறும் சீன மாலுமியர். நால்வரும் என் கண்ணுக்கு ஒருவர்போலவே தோன்றுகின்றனர். நம்மவர் இருவரையும் அக்கப்பலின் அதிகாரிகள் இவ்வாறே கண்டிருப்பர் என நினைக்கும்போது எனக்கு நாணம் உண்டாகின்றது. ஆசிரியர் நால்வரையும் வேறுவேறாகவே தீட்டியிருத்தல் வேண்டும். குறை என் நோக்கின்கண்ணதே. இணையத்தில் தேடினால் விடை நொடியிற் கிடைக்கும், தேடேன். முகத்தை விட்டுக் காலைப் பார் என்று அண்ணன் ஒரு குறிப்பு மட்டும் தந்துளன். கிறிஸ்துமஸ் விடுமுறையில் மீண்டும் அக்கப்பலில் ஏறி, அந்நால்வருடைய காலணிகளை நோக்கவிருக்கின்றேன்.