கொடையின் வழிகள் – 11: அளவு நாடாவும் அறக்கொடையும்

பெரிய அட்டையில் அச்சிட்ட மாதிரிக் காசோலையும் அதைப் பிடித்தபடி நிற்கும் பிரமுகர்களும் மலேசிய நாளிதழ்களில் அறக்கொடையின் அடையாளமாகவே ஆகிவிட்டதால், தொழில்திறனாகத் தரப்படும் கொடை பலருடைய கணக்கில் வருவதேயில்லை. உட்புற வடிவமைப்பாளர், அதாவது ஒரு கட்டடத்திற்குள் இடப்பங்கீடு, ஒளி, தரை, அறைகலன் ஆகியவற்றைத் திட்டமிடுபவர், தரக்கூடிய கொடை பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தது.

அத்திறனுக்கு எங்கே தேவை உண்டு என்பதைக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் தெளிவாகக் காட்டுகிறது. 1951-இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கே இயங்குவதாலும், பார்வையற்றோர் நடத்தும் மசாஜ் நிலையங்கள் தம்பிப்பிள்ளை சாலைப் பக்கம் இருப்பதாலும், வெண்கோல் ஏந்தி நடப்போர் இவ்வட்டாரத்தின் அன்றாட மக்கள். நடைபாதையில் பதித்த மஞ்சள் ஓடுகளில் நீள்வரிகள் செல்லும் வழியையும் குமிழ்கள் நிற்க வேண்டிய இடத்தையும் பாதத்திற்கு உணர்த்துகின்றன. ஆனால், அந்த ஓடுகள் வாசலோடு முடிந்துவிட, உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் வடிவமைப்பாளரின் கேள்வி. வெண்கோல் தரையை மட்டுமே துழாவுவதால் நெற்றி உயரத்தில் சுவரிலிருந்து நீண்டிருக்கும் அலமாரி அதற்குத் தட்டுப்படாது. பாதி திறந்த கதவும் ஆபத்தானதே. சிறிதளவு பார்வை எஞ்சியவருக்கோ பளபளக்கும் தரையின் கூச்சம் படிக்கட்டின் விளிம்பை மறைத்துவிடும் என்பதால், மங்கலான தரையும், விளிம்பில் மாறுபட்ட நிறப் பட்டையும், சுவரிலிருந்து வேறுபட்டுத் தெரியும் கதவு நிலையும் வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை செலவு மிகுந்தவையல்ல. பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

கிள்ளான் முதலிய நகரங்களின் முதியோர் இல்லங்களுக்கு வேறு வகை உதவி தேவைப்படுகிறது. நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நலத்துறையில் பதிவு பெற வேண்டும். அதற்குத் தீயணைப்பு மீட்புத் துறையான பொம்பா, சுகாதாரத் துறை, ஊராட்சி மன்றம் ஆகியவற்றின் ஒப்புதலும் வேண்டும். குடும்பம் வசிக்கக் கட்டிய இணைப்பு வீடொன்றில் இல்லம் நடத்துவோர் பலர் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். இரும்புக் கிராதியிட்ட பின்வாசலும், கட்டில்களுக்கிடையே சக்கர நாற்காலி திரும்ப முடியாத நெருக்கமும், வழுக்கும் குளியலறையும் ஒரு முறையான வரைபடத்தில் தீர்க்கப்படக்கூடியவை. அந்த வரைபடத்தை வரைந்து, அலுவலகங்களில் எழும் கேள்விகள் தீரும்வரை உடனிருப்பது, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கோத்தோங் ரோயோங்கில், அதாவது ஊர் கூடிச் செய்யும் கூட்டுப்பணியில், சுவருக்கு வண்ணம் பூசிவிட்டுப் போவதைவிட மேலான தொண்டு. வண்ணமும் தேவைதான், ஆனால், படமெடுக்க ஏற்றது என்பதாலேயே அது முதலிடம் பெற்றுவிடுகிறது.

பணமல்லாததும் கொடையே என்ற பார்வைக்கு வரிச் சட்டமும் ஓரளவு துணைநிற்கிறது. 1967-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின்படி, அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குத் தரும் பணக்கொடைக்கு மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழிவு உண்டு. வடிவமைப்பாளர் செலவிட்ட நேரம் அப்பிரிவில் கொடையாகாது. எனினும் 44(9) பிரிவு, பொது இடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளுக்காகப் பொருளாகத் தரும் பங்களிப்பையும் ஏற்று, அதன் மதிப்பை நிர்ணயிக்கும் பொறுப்பை ஊராட்சி மன்றத்திடம் விடுகிறது. அதிகம் பேசப்படாத இந்தப் பிரிவைத் தொண்டு அமைப்புகளே கொடையாளர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

ஓர் இல்லத்திற்கு உதவ எண்ணும் வடிவமைப்பாளர் வண்ண அட்டையை எடுத்துச் செல்லுமுன், அந்த இல்லத்தின் பதிவுக் கோப்பில் எந்த ஒப்புதல் கடிதம் இன்னும் வரவில்லை என்று கேட்டறிவது நல்லது.