நீலிக்கு ஆணி, பெல்லாவுக்குக் கல்யாணம்

பாறசாலை ரயில் நிலையத்தில் காலை வண்டிக்காக உட்கார்ந்திருந்தபோது என் தங்கையின் மகள் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை என் மடியில் வைத்தாள். கறுப்பு அட்டை. அதில் வெள்ளைச் சதுரங்க ராணி ஒன்று, அதற்குப் பின்னால் சிவப்புச் சிப்பாய் ஒன்று.

"மாமா, நாலு பாகமும் படிச்சாச்சு. எழுநூறு பக்கத்துக்கு மேல இந்தக் கடைசிப் பாகம். படை திரண்டு வருது, எல்லாரும் சண்டைக்கு நிக்கிறாங்க. கடைசியில சண்டையே இல்ல! பேசி முடிச்சு அனுப்பிட்டாங்க. இது நியாயமா, சொல்லுங்க" என்றாள்.

நெய்யாற்றின்கரையில் பிளஸ் ஒன் படிக்கிற பெண். வீட்டில் பேசுவது தமிழ். எழுதப் படிக்கத் தெரிந்தது மலையாளமும் ஆங்கிலமும். எல்லைக்கு இந்தப் பக்கம் குடியிருக்கும் நம்மவர் வீடுகள் பலவற்றில் இதுதான் நிலைமை என்பதால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

புத்தகத்தின் பெயர் 'பிரேக்கிங் டான்'. பொழுது விடியும் நேரம் என்று சொல்லலாம். எழுதியவர் ஸ்டெஃபனி மேயர் என்ற அமெரிக்கப் பெண்மணி. 2003 ஜூன் 2 அன்று கண்ட ஒரு கனவிலிருந்து கதை பிறந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். முதல் பாகம் 'ட்விலைட்' 2005-ல் வந்தது. அடுத்த இரண்டும் 2006, 2007-ல். கடைசிப் பாகம் 2008 ஆகஸ்ட் 2 அன்று வெளியானது. நள்ளிரவுக்குப் புத்தகக் கடைகளின் முன்னால், சினிமாவுக்கு முதல் நாள் நிற்பதுபோல, பெண்பிள்ளைகள் நின்றார்கள். அமெரிக்காவில் மட்டும் அந்த ஒரே நாளில் விற்றவை 13 லட்சம் பிரதிகள்.

கதை இவ்வளவுதான். பெல்லா என்ற பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்கும் எட்வர்ட் என்ற ரத்தக் காட்டேரிக்கும் காதல். அவன் குடும்பம் மனித ரத்தம் தொடாது. மான், மலைச்சிங்கம் என்று காட்டு மிருகங்களோடு நிறுத்திக்கொள்ளும் 'நல்ல' காட்டேரிகள். கடைசிப் பாகத்தில் இருவருக்கும் கல்யாணம். பெல்லா கர்ப்பமாகிறாள். வயிற்றுப் பிள்ளை பாதிக் காட்டேரி என்பதால் தாய்க்கு எந்தச் சோறும் ஒத்துக்கொள்ளாமல், கடைசியில் ரத்தத்தைக் கோப்பையில் ஊற்றிக் குடிக்கிறாள். பிரசவத்தில் உயிர் போகிற நிலையில் கணவன் அவளையும் தன்னைப் போலாக்கிக் காப்பாற்றுகிறான். காட்டேரிகளின் ராஜசபை போன்ற 'வோல்ட்டூரி' கூட்டம் குழந்தையைக் கொல்லப் படையோடு வருகிறது. சாட்சிகள் வருகிறார்கள், வாக்குவாதம் நடக்கிறது, வந்த படை திரும்பிப் போகிறது. தாயும் தகப்பனும் பிள்ளையும் சுகமாக வாழ்கிறார்கள்.

இந்த முடிவைப் பிடிக்காமல் அந்தக் காலத்திலேயே அங்கே பல வாசகிகள் கோபப்பட்டார்கள். ஆகவே என் மருமகள் தனியாள் அல்ல. ஆனால் அவள் கேட்ட கேள்வி என்னை வேறு இடத்துக்குக் கொண்டுபோயிற்று. ரத்தம் குடிக்கும் பெண்ணின் கதையை எப்படி முடிப்பது என்று உலகத்துக்கு முன்பே தலையைப் பிய்த்துக்கொண்ட ஊர் நம் ஊர். அந்தக் கதை நடந்த ரோட்டில்தான் நாம் தினசரி பஸ் ஏறுகிறோம்.

சுண்ணாம்பு கேட்ட பெண்

1795 வாக்கில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும் வரை பத்மநாபபுரம்தான் திருவிதாங்கூரின் தலைநகர். இரண்டுக்கும் இடையே உள்ள வழிதான் தக்கலை, குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று இன்றும் நீளும் நெடுஞ்சாலை. அன்று அதில் ஆளற்ற காட்டுப் பகுதி இருந்தது. அங்கே ஒரு யட்சி வழிப்போக்கர்களை மறித்து, சிரித்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள் என்றும், கொடுக்க நின்றவன் ஊர் போய்ச் சேரமாட்டான் என்றும் கதை. இதை எழுத்தில் வைத்தவர் கொட்டாரத்தில் சங்குண்ணி (1855-1937). 1909-ல் தொடங்கி 1934 வரை எட்டுப் பாகங்களாக வெளிவந்த அவருடைய 'ஐதீகமாலை'யில் கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதப் பாதிரியாரின் கதையோடு இது வருகிறது.

கத்தனார் அந்த வழியே வந்தார். யட்சி வழக்கம்போல் சுண்ணாம்பு கேட்டாள். அவர் இரும்பு ஆணியின் முனையில் வைத்து நீட்டினார். இரும்பைக் கண்டால் யட்சிக்கு ஆகாது. அதே ஆணியை அவள் தலையில் அறைந்தார். உடனே அவள் சாதாரணப் பெண்ணாகி, வேலைக்காரியைப் போல் பின்னால் நடந்தாள். காயங்குளத்தில் கத்தனாரின் உறவுக்காரக் கிழவி ஒருத்தி, பாவம் என்று அவளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை வாரினாள். கையில் ஆணி தட்டுப்பட்டது. "இதென்ன பெண்ணே?" என்று பிடுங்கினாள். யட்சி மறைந்துவிட்டாள். கத்தனார் விடவில்லை. மான்னார் வரை துரத்தி, ஓடம் கிடைக்காத ஆற்றை வாழையிலையில் ஏறிக் கடந்து, பருமலை பனயன்னார்காவில் அவளை வசப்படுத்தினார். அங்கேயே அவள் குடியமர்ந்தாள்.

நாடகமும் சினிமாவும் டி.வி. தொடரும் சேர்ந்து இந்த யட்சிக்குக் கள்ளியங்காட்டு நீலி என்றே பெயர் நிலைக்கச் செய்துவிட்டன. 'கள்ளியங்காட்டு நீலி' என்ற பெயரிலேயே 1979-ல் ஒரு மலையாளப் படமும் வந்தது. கள்ளியங்காடு நாகர்கோவிலை அடுத்த பார்வதிபுரத்துப் பக்கம்.

அயர்லாந்துக்காரர் பிராம் ஸ்டோக்கர் 1897-ல் எழுதிய 'டிராகுலா'வில் லூசி என்ற பெண் காட்டேரியாகிவிட்டால் மார்பில் கட்டை முளையை அடித்துத் தலையை வெட்டுகிறார்கள். இங்கே தலையில் ஆணி, அங்கே மார்பில் முளை. இரண்டையும் சொன்னவர்கள் வழிநடந்த ஆண்பிள்ளைகள்; பயந்தவர்கள் அவர்கள்தான். ஆகவே கதை அடிப்பதில் முடிகிறது. அவள் ஏன் அப்படி ஆனாள் என்று கத்தனார் கதை கேட்பதில்லை.

கேட்டது தமிழ்ப் பாட்டு.

வில்லில் வரும் நீலி

யட்சி என்ற சொல் தமிழில் இயக்கியாகி, நாஞ்சில் நாட்டு வாயில் இசக்கியாயிற்று. கொடை நடக்கும் கோயில்களில் குடமும் உடுக்கையும் முழங்க நள்ளிரவில் வில்லுப்பாட்டாகப் பாடப்படுவது அவள் கதைதான். பாடுகிறவருக்குப் பாடுகிறவர் ஊரும் பெயரும் மாறும், எலும்புக்கூடு மாறாது.

தாசி குலத்துப் பெண்ணிடம் மயங்கிச் சொத்தெல்லாம் இழந்தான் ஒரு பிராமண இளைஞன். கையில் காசில்லை என்றதும் அவள் தாய் அவனை விரட்டினாள். பெண்ணோ உண்மையாகவே அவனை நேசித்தவள். நகைகளோடு அவன் பின்னால் புறப்பட்டாள். கள்ளிக்காட்டில் களைத்து அவன் மடியில் தலை வைத்து உறங்கினாள். அவன் மணலைக் குவித்து, அதன்மேல் அவள் தலையை மெல்ல இறக்கி வைத்துவிட்டு, கல்லைப் போட்டுக் கொன்றான். நகைக்காக. சாகும்போது அவள் பக்கத்தில் நின்ற கள்ளிச்செடியைச் சாட்சி சொல்ல அழைத்தாள். தேடி வந்த அண்ணனும் அவளைக் கண்டு அங்கேயே உயிர் விட்டான்.

மறு பிறவியில் அவன் செட்டியாகப் பிறந்தான். அண்ணனும் தங்கையும் சோழ ராஜாவுக்கு இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்து, தொட்டிலிலிருந்து இறங்கிப்போய் இரவில் ஆடு மாடுகளின் ரத்தம் குடித்தார்கள். அரண்மனையில் பிறந்த ரத்தக் காட்டேரிக் குழந்தைகள்! ராஜா அவர்களைக் காட்டில் விட்டான். பிற்பாடு நீலி ஒரு கள்ளிக் கொம்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, செட்டியை மறித்து, இவன் என் புருஷன் என்று ஊர்ச் சபையில் வழக்கு வைத்தாள். கள்ளிப் பிள்ளை அவனை "அப்பா" என்றது. செட்டிக்கு உயிர்ப்பயம். இவள் பேய் என்று கதறினான். அவன் உயிருக்கு நாங்கள் பிணை என்று ஊர்ப் பெரியவர்கள் வாக்குக் கொடுத்து இருவரையும் ஓர் அறையில் விட்டார்கள். காலையில் செட்டி பிணமாகக் கிடந்தான். சொன்ன சொல் தவறாமல் பெரியவர்கள் நெருப்பில் இறங்கினார்கள். இதே கதை வடக்கே திருவாலங்காட்டை அடுத்த பழையனூரிலும் உண்டு. அங்கே உயிர் விட்ட வேளாளர்கள் 70 பேர்.

சபையில் அவள் வடித்த கண்ணீரை வைத்துத்தான் 'நீலிக் கண்ணீர்' என்று இன்றும் சொல்கிறோம். எனக்கு இந்தச் சொல் ஒப்புவதில்லை. அவள் சொன்ன கணக்கு பொய்யாக இருக்கலாம், அழுதது பொய்யா? கொலை செய்தவன் பக்கம் நின்று யாரோ சொன்ன சொல்லை நாம் சும்மா கடன் வாங்கிப் பேசுகிறோம்.

கோயில்காரர்கள் அப்படி நினைக்கவில்லை. ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் இசக்கியம்மனைக் கும்பிட வருகிறவர்களைப் பாருங்கள். ஒரு கையில் பிள்ளையை ஏந்திய சிலை. சில ஊர்களில் வாயிலும் ஒன்றைக் கடித்திருப்பாள். அந்தக் கோலத்தின் முன்னால்தான் பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் மண்பொம்மை வைக்கிறார்கள்.

இன்னொரு முடிவும் தமிழில் உண்டு. ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான 'நீலகேசி'யில், பழையனூர் நீலியை முனிச்சந்திரர் என்ற சமண முனிவர் திருத்துகிறார். அவள் ரத்தப் பலியை விட்டுவிட்டு, ஊர் ஊராகப் போய்ப் பௌத்தர் முதலான மற்றச் சமயத்தாரோடு தர்க்கம் செய்து வெல்கிறாள். காட்டேரியைத் தத்துவ வாதியாக்கிய நூல் வேறெங்காவது உண்டா என்று எனக்குச் சந்தேகம். அந்தக் கடைசிப் பாகத்தைப் படித்தால் என் மருமகள் என்ன சொல்லுவாளோ!

மலையாளத்திலும் நீலி ஆணியோடு நின்றுவிடவில்லை. 2025 ஆகஸ்ட் 28 அன்று வெளியான 'லோகா' படத்தில் அவள் பெங்களூரில் வாழும் இளம்பெண், துன்பப்படுகிறவர்களைக் காக்கிறவள். கல்யாணி பிரியதர்ஷன் நடித்த அந்தப் படம் உலகம் முழுவதும் 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது. நம் எல்லை ஊர்ப் பிள்ளைகளும் பார்த்தார்கள், என் மருமகள் உட்பட. படத்தில் வந்தவள் பக்கத்து மாவட்டத்துக்காரி என்று அவளுக்குத் தெரியாது. பாடப் புத்தகத்தில் இல்லை. தமிழில் அச்சானதை அவளால் படிக்க முடியாது. விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்க அவளுக்குப் பொறுமையும் இல்லை, பரீட்சையும் இருக்கிறது.

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் அந்தப் பக்கம் போயின. நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றது. கோடு களியக்காவிளையில் விழுந்தது. நவராத்திரிக்கு மட்டும் கோடு கணக்கில்லை. கம்பர் பூஜித்ததாகச் சொல்லப்படும் சரஸ்வதி, வேளிமலைக் குமாரசாமியோடும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையோடும் பத்மநாபபுரத்திலிருந்து இதே யட்சி வழியில் வருடாவருடம் ஊர்வலமாக வருகிறாள். குழித்துறையில் ஓரிரவு, நெய்யாற்றின்கரையில் ஓரிரவு தங்கித் திருவனந்தபுரம் போகிறாள். தெய்வங்களுக்குக் கிடைத்த அந்த வசதி கதைகளுக்குக் கிடைக்கவில்லை.

அன்று மாலை வீட்டுத் திண்ணையில் என் தாயாரிடம் அந்தப் புத்தகத்தின் கதையைப் பெண் சொன்னாள். எண்பதைத் தாண்டிய என் தாயார் வெற்றிலையை மென்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டார். சண்டை வராததில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. "வழக்குன்னா சபையில பேசித்தானே தீக்கணும்?" என்றார். பிறகு, "அந்தப் பிள்ளைக்கு என்ன குடுத்து வளத்தா?" என்று கேட்டார்.

"ரத்தந்தான் ஆச்சி. புட்டியில ஊத்தி."

"பால் குடுக்கலியா? நம்ம இசக்கி கதையிலயும் பிள்ளை உண்டு. அது கள்ளிக் கொம்பு."

"கள்ளிக் கொம்பா? அது எப்பிடி ஆச்சி பிள்ளையாகும்?"

என் தாயார் காலை நீட்டி உட்கார்ந்து, தாசிப் பெண் நகையோடு புறப்பட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். பாதிப் பேச்சு, பாதிப் பாட்டு. மடியிலிருந்து தலையை மணலில் இறக்கி வைக்கும் இடத்தில் பெண் குறுக்கே ஒன்றும் பேசவில்லை. நெருப்பில் இறங்கும் இடம் வந்து முடிந்ததும், "அந்தக் கள்ளிப் பிள்ளை அப்புறம் என்ன ஆச்சு?" என்றாள்.

"கள்ளியாத்தான் போச்சு. வேற என்ன ஆகும்?"

பெண் எழுந்து உள்ளே போய்ப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து வந்தாள். "ஆச்சி, அந்தச் சபையில அவ சொன்னதை மட்டும் மறுபடி சொல்லுங்க. மெதுவா." என் தாயார் சொல்லச் சொல்ல எழுதினாள். எட்டிப் பார்த்தேன். எழுத்து மலையாளம், வார்த்தை தமிழ். இரண்டு பக்கம் எழுதியிருந்தாள்; விளக்குப் போடும் நேரமாகிவிட்டதால் மிச்சம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு என்று வைத்திருக்கிறார்கள்.