லைசென்ஸைக் காட்டலாம்... பாக்கெட்டை?

இரவு பத்தரை மணிக்கு மேல். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்து வரும் டூவீலர்கள் சி.டி.எச். ரோட்டில் ஆவடியை நோக்கி விரைகின்றன. வழியில் பாதி ரோட்டை மறித்து பேரிகேட். முகத்தில் டார்ச் வெளிச்சம். “வண்டியை ஓரம் கட்டு. எங்கிருந்து வர்ற?” பாடி முதல் பூந்தமல்லி வரை, இரவில் வீடு திரும்புகிறவர்களுக்குப் பழகிப்போன காட்சி இது.

சென்னையிலிருந்து பிரித்து, 2022 ஜனவரி 1-ம் தேதி ஆவடி தனிக் காவல் ஆணையரகம் ஆனது. அம்பத்தூரும் பூந்தமல்லியும் அதன்கீழ் வந்தன. செயின் பறிப்புக்கும் கஞ்சாவுக்கும் அஞ்சும் மக்களுக்கு இரவுச் சோதனை தேவைதான். ஆனால், வண்டியை நிறுத்துவது வேறு, பேப்பர் கேட்பது வேறு, பாக்கெட்டுக்குள் கை விடுவது வேறு. ஒவ்வொன்றுக்கும் சட்டம் தனித்தனி நிபந்தனை வைத்திருக்கிறது. பேரிகேட் அருகே மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன.

சீருடையில் இருக்கும் போலீஸார் கேட்டால் லைசென்ஸைக் காட்டியே ஆகவேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. 2018-ல் விதி திருத்தப்பட்டதால், டிஜிலாக்கரில் இருக்கும் லைசென்ஸும் ஆர்.சி.யும் செல்லும். லைசென்ஸைக் காட்ட எடுத்த போனில் வாட்ஸ்அப்பைப் புரட்டிப் பார்க்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

கஞ்சா சந்தேகம் என்றால் விதி இன்னும் கடுமையாகிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி, உடலைச் சோதிக்கும் முன், “மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு” என்று போலீஸார் சொல்ல வேண்டும். இது கட்டாயம் என்று 2010-ல் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. கையில் இருக்கும் பைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, உடலுக்கு மட்டும்தான். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும்.

கைது என்று வந்துவிட்டால், காரணத்தைச் சொல்ல வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 1996-ல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் சேர்த்தது: கைது செய்யும் போலீஸாரின் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் இருக்க வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100 எண்ணை அழைக்கலாம்.

இவ்வளவு விதிகள் எதற்கு என்பதற்கு பதில் சென்னை கெல்லீஸில் கிடைக்கிறது. 2022 ஏப்ரல் 18-ம் தேதி இரவு, வாகனச் சோதனையில் ஆட்டோ ஒன்று நிறுத்தப்பட்டது. அதில் வந்த 25 வயது இளைஞர் தலைமைச் செயலகக் காலனி காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். மறுநாள் அவர் உயிரோடு இல்லை. பிரேதப் பரிசோதனையில் உடலில் 13 காயங்கள். சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது; கொலை வழக்கில் போலீஸார் கைதானார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில், சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் அருகே ஊரடங்குச் சோதனைச் சாவடியில் அடிபட்ட வியாபாரி ஒருவர் இறந்தார். சிறப்பு எஸ்.ஐ. ஒருவர் கைதானார்.

இவை உயிர் போனதால் வெளியே வந்தவை. சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, “சரி, போ” என்று அனுப்பப்படுகிறவர் கதை எங்கும் பதிவாவதில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பொருளைக் கைப்பற்றினால் வீடியோ எடுக்கச் சொல்கிறது. எதுவும் கிடைக்காதவர் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

இங்கிலாந்தில் 1984-ம் ஆண்டுச் சட்டப்படி, தெருவில் ஒருவரைச் சோதிக்கும் போலீஸ்காரர் தன் பெயரையும் காவல் நிலையத்தையும் சோதனைக்கான காரணத்தையும் சொல்ல வேண்டும். சோதனையைப் பதிவும் செய்ய வேண்டும்; அந்தப் பதிவின் நகலைச் சோதிக்கப்பட்டவர் கேட்டு வாங்கலாம். எந்த இனத்தவர் என்பதும் அதில் குறிக்கப்படுவதால்தான், வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவர் பல மடங்கு அதிகமாகச் சோதிக்கப்படுவது அங்கே வெளிப்பட்டது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒடிஷாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஏராளமாக வேலை செய்கிறார்கள். பேரிகேட் அருகே தமிழில் கேட்கப்படும் கேள்வி அவர்களில் பலருக்குப் புரியாது. பதில் சொல்லத் தடுமாறினாலே சந்தேகம் வலுக்கும். நிறுத்திய நேரம், இடம், காரணம், போலீஸ்காரரின் பெயர் என நான்கே வரிகள் கொண்ட சீட்டு ஒன்று, அவர்களுக்குத் தெரிந்த மொழியிலும் அச்சிட்டுத் தரப்பட்டால், மறுநாள் காலையில் கேள்வி கேட்க அவர்களிடமும் ஓர் ஆதாரம் இருக்கும்.