பழைய காரின் இரு குழாய்கள்

1990இல் போர் மீண்டும் மூண்டு வடக்கிற்குப் பெற்றோல் தடைப்பட்டபோது, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களே எம்மவர்க்குக் கைகொடுத்தன. சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் ஓடின. இடம்பெயர்ந்து உடப்புப் பக்கம் வந்த குடும்பங்கள் அத்தகைய காரொன்றைப் பிழைப்புக்கு ஓட்டுவதாயின், அதன் இரு குழாய்களை அறிந்திருத்தல் நன்று.

ஒன்று, மெல்லிய வக்கூம் குழாய். காபரேற்றரிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குச் செல்வது. சீராக ஓடும்போது எஞ்சினின் உறிஞ்சுவிசையால் தீப்பொறியைச் சற்று முந்தி விழச்செய்து, எரிபொருளை மீதப்படுத்தும். எஞ்சினை நிறுத்தி, காபரேற்றர்ப் பக்க முனையைக் கழற்றித் துடைத்து, வாயால் உறிஞ்சுங்கள். டிஸ்ரிபியூட்டரின் உள்தட்டு அசைய வேண்டும். அசையாவிடின் எங்கோ கசிவு இருக்கலாம்.

மற்றது, பருத்த மூச்சுக் குழாய். பிஸ்ரனைத் தாண்டிக் கீழிறங்கும் புகை இதனூடாகவே வெளியேறும். பழைய மைனரில் இது எஞ்சினின் பக்கமூடியிலிருந்து நிலம் நோக்கி இறங்கும். இது அடைபட்டால் உள்ளே அமுக்கம் கூடி, சீல்கள் வழியே ஒயில் கசியும். தோட்டத்து ஹோஸை மாட்டாதீர்கள், சூட்டில் நசிந்துவிடும். ஒயிலுக்குத் தாங்கும் ரப்பர்க் குழாயையே, கூர்மையாக மடியாமலும் புகைக்குழாயில் முட்டாமலும் பூட்டுங்கள்.

ஒயில் கசிந்தால், கடன்பட்டு எஞ்சினை இறக்குமுன் இக்குழாயைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள். சிலவேளை அதுவே போதும்.