பல்லை எண்ணுங்கள், மலையில் ஏறலாம்

உங்கள் வீட்டில் சைக்கிள் இருக்கிறதா? தெருவுக்குக் கொண்டுவந்து தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்துங்கள். சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில் இருக்கட்டும், சக்கரங்கள் வானத்தைப் பார்க்கட்டும். ஒரு சாக்பீஸ் எடுத்து, பெடலோடு சேர்ந்து சுற்றும் பெரிய பல்சக்கரத்தில் ஒரு பல்லுக்குக் கோடு போட்டுவிட்டு, அங்கிருந்து மொத்தம் எத்தனை பல் என்று எண்ணுங்கள். அடுத்தது பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் சின்னப் பல்சக்கரம். கையெல்லாம் கிரீஸ் ஆகும். பரவாயில்லை, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்த்துச் சோப்புப் போட்டால் போய்விடும். ஆனால் எண்ணி முடிக்கும்வரை பெடலை யாரும் தொடக் கூடாது. செயினுக்கும் பல்லுக்கும் நடுவே விரல் மாட்டினால் நகம் தெறித்துவிடும்.

முன்னால் 44 பல், பின்னால் 22 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் செயினில் 44 கண்ணிகள் நகரும். பின்னால் இருப்பதோ 22 பல்தான். அதனால் பின்சக்கரம் இரண்டு முறை சுற்றியே ஆக வேண்டும். பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளின் சக்கரம் ஒரு முறை உருண்டால் ஏறக்குறைய 2.1 மீட்டர் போகும். ஆகவே ஒரு சுற்றுக்கு 4.2 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் 252 மீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டர். உங்கள் சைக்கிளின் எண்களைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். சக்கரத்தின் சுற்றளவை நூலால் அளந்துகொள்ளலாம்.

சமதரைக்கு இந்த ஒரே கணக்கு போதும். மேம்பாலம் வந்தால்தான் சங்கடம். ஒவ்வொரு சுற்றிலும் உங்களையும் சைக்கிளையும் முதுகுப் பையையும் சேர்த்து மேலே தூக்க வேண்டியிருக்கிறது. சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிப்போம். அதற்கும் அசையாவிட்டால் சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக வளைந்து வளைந்து ஏறுவோம். (பின்னால் லாரி வரும் சாலையில் அதைச் செய்யாதீர்கள்!) ஏன் அப்படி வளைகிறோம்? யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, காலே கண்டுபிடித்துக்கொள்கிறது. நேராகப் போனால் தூரம் குறைவு, சரிவு அதிகம். வளைந்து போனால் தூரம் அதிகம், சரிவு குறைவு. மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதும் இதற்காகத்தான்.

செயினை வேறு வேறு அளவுப் பல்சக்கரங்களுக்கு மாற்றித் தரும் கியரும் இதே வேலையைத்தான் செய்கிறது. நூறு கிலோ அரிசி மூட்டையை மாடிக்கு ஏற்ற வேண்டும். ஒரே தூக்காகத் தூக்க உங்களால் முடியாது. ஐந்து கிலோ பையாகப் பிரித்தால் இருபது நடையில் முடித்துவிடலாம். மாடிக்குப் போகிற அரிசி அதேதான், ஒவ்வொரு நடையிலும் சுமக்கும் பாரம்தான் குறைகிறது. பலரும் நினைப்பதுபோல் கியர் வேலையைக் குறைப்பதில்லை. வேலையைத் துண்டு போட்டுக் காலுக்குத் தருகிறது.

பந்தய சைக்கிளைப் பாருங்கள். முன்னால் 50 பல், 34 பல் என்று இரண்டு சக்கரங்கள். பின்னால் 11 பல்லில் தொடங்கி 34 பல்வரை பன்னிரண்டு சக்கரங்கள் அடுக்கியிருக்கும். 50ஐயும் 11ஐயும் இணைத்தால் ஒரு சுற்றுக்கு ஒன்பதரை மீட்டர் பாயலாம். 34ஐயும் 34ஐயும் இணைத்தால் வெறும் 2.1 மீட்டர்தான். நிமிடத்துக்கு 90 சுற்று என்ற ஒரே வேகத்தில் கால் சுற்றினாலும், முதலாவதில் மணிக்கு 51 கிலோமீட்டர், இரண்டாவதில் 11 கிலோமீட்டர். சாலை எப்படி மாறினாலும் கால் தன் தாளத்தை மாற்ற வேண்டியதில்லை என்பதுதான் இதன் சூட்சுமம். நம் தசை அப்படிப்பட்ட எஞ்சின். மிக மெதுவாக, பெரும் பாரத்தோடு இழுக்கச் சொன்னால் சீக்கிரம் சோர்ந்துவிடும். லேசான பாரத்தோடு தாளம் தப்பாமல் சுற்றச் சொன்னால் மணிக்கணக்கில் உழைக்கும்.

இவ்வளவு நல்ல விஷயத்தை ஒருவர் பல வருடம் தடுத்து வைத்திருந்தார் என்றால் நம்புவீர்களா? அவர் பெயர் ஆன்ரி டெக்ராஞ்ச். 1903இல் பிரான்ஸில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைத் தொடங்கியவர். ஓடும்போதே செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி அவருக்குப் பிடிக்கவில்லை. வெற்றி மனிதத் தசைக்குத்தான், கருவிக்கு அல்ல என்பது அவர் கட்சி. அதனால் அக்காலத்து வீரர்களின் பின்சக்கரத்தில் இந்தப் பக்கம் ஒரு பல்சக்கரம், அந்தப் பக்கம் ஒரு பல்சக்கரம் இருக்கும். மலையடிவாரம் வந்ததும் இறங்கிச் சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்டி, செயினைப் போட்டுவிட்டு ஏற வேண்டும். உச்சிக்குப் போனதும் மறுபடி இறங்கித் திருப்ப வேண்டும். 1936இல் உடல்நலம் குன்றி டெக்ராஞ்ச் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த வருடமே, 1937இல், கியர் மாற்றும் கருவிக்கு அனுமதி கிடைத்தது.

அந்தக் காலத்து விதிகள் எவ்வளவு கறார் தெரியுமா? 1913இல் எஜேன் கிறிஸ்டோஃப் என்ற வீரர், 2115 மீட்டர் உயரமுள்ள துர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க் உடைந்துவிட்டது. மாற்று சைக்கிள் கிடையாது. உடைந்த சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, கீழே இருந்த சிற்றூரின் கொல்லன் பட்டறைக்குப் போனார். யார் உதவியும் வாங்கக் கூடாது என்பது விதி. தானே இரும்பைக் காய்ச்சி, தானே அடித்து, தானே ஒட்டினார். இரண்டு கையிலும் வேலை இருந்ததால் துருத்தியை மட்டும் அங்கிருந்த ஒரு சிறுவன் ஊதிக் கொடுத்தான். பார்த்துக்கொண்டே நின்ற அதிகாரிகள் அதற்கும் தண்டனையாக நேரத்தைக் கூட்டினார்கள்! நான் அந்தச் சிறுவன் கட்சி.

சரி, கியர் இருந்தால் மட்டும் போதுமா? சைக்கிள் நம் உடம்புக்குப் பொருந்த வேண்டும். உங்கள் தாத்தாவிடம் குரங்கு பெடல் பற்றிக் கேளுங்கள். பெரியவர்களின் உயரமான சைக்கிளில் சீட்டில் ஏறினால் கால் எட்டாது. அதனால் சட்டத்தின் முக்கோணத்துக்குள் ஒரு காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தொங்கிக்கொண்டே மிதிப்பார்கள். தெருக்கோடிவரை போய்வர அது ஜாலிதான். ஊர்விட்டு ஊர் போக உதவாது.

நிமிடத்துக்கு 90 சுற்று என்றால் ஒரு மணி நேரத்துக்கு 5400 சுற்று. ஐந்து மணி நேரப் பயணத்தில் முழங்கால் 27,000 முறை மடங்கி நீள்கிறது. சீட் ஒரு விரல்கடை தாழ்ந்திருந்தால்கூட அந்தச் சின்னத் தப்பு 27,000 முறை நடக்கும். சீட் மிகவும் தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். மிகவும் உயர்ந்திருந்தால் பின்பக்கம் இழுத்துப் பிடிக்கும். எட்டி எட்டி மிதிப்பதால் இடுப்பும் ஆடும். பிரான்ஸின் பெர்னார் இனோவுக்கு 1980 டூர் டி பிரான்ஸில் எல்லோருக்கும் முன்னால், முதலிடத்துக்கு அடையாளமான மஞ்சள் பனியனோடு இருந்தபோதே முழங்கால் வலியால் பந்தயத்தை விட்டு விலக நேர்ந்தது. பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 1969இல் ஒரு விபத்தில் இடுப்பில் அடிபட்டவர். பிறகு அவருக்குச் சீட் உயரம் எப்போதும் திருப்தியாகவே இல்லை. பந்தயத்துக்கு நடுவிலேயே சாவியை எடுத்துச் சீட்டை ஏற்றி இறக்குவார். டூர் டி பிரான்ஸை ஐந்து முறை வென்ற மனிதர் அவர்.

உங்கள் சீட் சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் நேராக உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வையுங்கள். அப்போது முழங்கால் மடங்காமல் கால் நேராக இருக்க வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை, அதாவது கட்டைவிரலின் பின்னால் இருக்கும் மேட்டை, பெடலில் வையுங்கள். இப்போது முழங்கால் லேசாக மடங்கும். அதுதான் வேண்டிய அளவு. சீட்டை உயர்த்தும்போது சீட் கம்பியில் ஒரு கோடு குறித்திருக்கும், அது வெளியே தெரியும்வரை இழுத்துவிடாதீர்கள். கம்பி உள்ளே போதுமான ஆழம் இறங்கியிருக்காவிட்டால் ஓட்டும்போதே பிய்த்துக்கொண்டுவிடும். இன்னொன்று: புதிதாக ஓட்டப் பழகுபவருக்குச் சீட் தாழ்வாகவே இருக்கட்டும். சட்டென்று கால் ஊன்றுவதுதான் அவருக்கு முக்கியம்.

பந்தய வீரர்கள் ஏன் முதுகை அப்படி வளைத்துக் குனிகிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். எதிரே இருப்பது காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்று நான்கு மடங்கு பலத்தோடு தடுக்கும். குனிந்தால் காற்றில் மோதும் உடம்பின் பரப்பு குறைகிறது, அவ்வளவுதான். டியூஷனுக்குப் போகிறவர் நிமிர்ந்தே ஓட்டலாம்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி: சாப்பாடு.

2013 ஜூலை 18. டூர் டி பிரான்ஸின் 18ஆவது கட்டம். ஆல்ப் துயெஸ் என்ற மலையில் அன்று ஒரு முறை அல்ல, இரண்டு முறை ஏற வேண்டும். அடிவாரத்திலிருந்து 13.8 கிலோமீட்டர் சாலை, 21 கொண்டை ஊசி வளைவுகள். (நம் கொல்லிமலைக்கு 70. வளைவுப் போட்டியில் நாம்தான் வெற்றி!) மஞ்சள் பனியன் போட்டிருந்தவர் பிரிட்டன் அணியின் கிறிஸ் ஃப்ரூம். இரண்டாவது ஏற்றத்தின் கடைசிக் கிலோமீட்டர்களில் அவர் கையை உயர்த்தி உதவி கேட்டார். சைக்கிளில் ஒரு கோளாறும் இல்லை, உடம்பில் எரிபொருள் தீர்ந்துவிட்டது. அணித்தோழர் ரிச்சி போர்ட் பின்னால் வந்த அணியின் காரிடம் போய், சர்க்கரை ஜெல் பாக்கெட் வாங்கி வந்து கொடுத்தார். முடிவுக்கோடு நெருங்கும் நேரத்தில் அப்படி வாங்கக் கூடாது என்பது விதி. இருவருக்கும் தலா 20 வினாடி தண்டனை. ஒரு ஜெல்லுக்கு 20 வினாடி கொடுத்தது லாபம்தான் என்பேன். அது இல்லாமல் போயிருந்தால் அதைவிட எவ்வளவோ அதிகமாக இழந்திருக்கலாம். மூன்று நாள் கழித்துப் பாரிஸில் வெற்றி மேடையில் நின்றவர் ஃப்ரூம்தான்.

உலகின் முன்னணி வீரருக்கு எரிபொருள் எப்படித் தீரும்? கணக்குப் போடுவோம். ஆளும் சைக்கிளும் சேர்த்து 75 கிலோ. ஏற வேண்டிய உயரம் சுமார் 1100 மீட்டர். 75, புவியீர்ப்புக்கான 9.8, 1100 மூன்றையும் பெருக்கினால் 8 லட்சம் ஜூலுக்குச் சற்று மேல். புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க மட்டும் இவ்வளவு. ஆனால் உணவிலிருந்து கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது. மிச்சம் வெப்பமாகிறது, வியர்ப்பது அதனால்தான். ஆக உடம்பு 32 லட்சம் ஜூல் எரிக்க வேண்டும். உணவுக் கணக்கில் சுமார் 770 கலோரி. ஒரே ஒரு ஏற்றத்துக்கு!

நாம் சாப்பிடும் சோறு, இட்லி, வாழைப்பழம் எல்லாவற்றிலும் இருக்கும் மாவுச்சத்தும் சர்க்கரையும் கடைசியில் கிளைக்கோஜன் என்ற பொருளாகத் தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படுகின்றன. பெரியவர் ஒருவரின் உடம்பில் சுமார் 500 கிராம் இருக்கும். கிராமுக்கு 4 கலோரி வீதம் 2000 கலோரி. மலைகள் நிறைந்த ஒரு நாளின் பந்தயத்துக்கு அது பற்றாது. கொழுப்பு இருக்கிறதே என்பீர்கள். ஒல்லியான வீரரிடம்கூடப் பல்லாயிரம் கலோரி அளவுக்குக் கொழுப்பு உண்டு. ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். கூடுதலாக ஆக்சிஜனும் கேட்கும். மலையில் முழு வேகத்தில் மிதிக்கும்போது அதை மட்டும் நம்ப முடியாது. அதோடு மூளைக்கு வேண்டியது குளுக்கோஸ். அது குறைந்தால் தலை சுற்றும், கை நடுங்கும், கால் கல்லாகிவிடும்.

அப்படியானால் ஓட்டிக்கொண்டே நிறையச் சாப்பிட்டால் என்ன? அங்கேயும் ஒரு தடை. குடல் குளுக்கோஸை மணிக்குச் சுமார் 60 கிராம்தான் உள்ளே விடும். அதற்குமேல் தின்றால் வயிற்றில் தேங்கிக் குமட்டும். ஆனால் பழச்சர்க்கரையான ஃப்ரக்டோஸுக்குக் குடலில் வேறொரு வாசல். இரண்டையும் கலந்து சாப்பிட்டால் மணிக்கு 90 கிராம்வரை உள்ளே போகும். வீரர்களின் பானங்களிலும் ஜெல்களிலும் இந்த இரண்டும் கலந்திருப்பது ருசிக்காக அல்ல.

டூர் வீரர்களின் பனியனுக்கு முதுகுப்பக்கம் மூன்று பைகள் இருக்கும். அதில் என்ன வைத்திருப்பார்கள் தெரியுமா? ஜெல் மட்டுமல்ல, குழைய வேகவைத்த சோற்றை அழுத்தித் துண்டு போட்டு, தாளில் சுற்றிய சோற்றுக் கட்டி. சோறு எளிதில் செரிக்கும். வெறும் இனிப்பாகத் தின்று திகட்டிய வாய்க்கும் இதம். பசித்தபின் சாப்பிட்டால் தாமதம் என்பது அவர்களுக்குப் பாலபாடம். சாப்பிட்டது தசைக்குப் போய்ச் சேர நேரம் ஆகுமல்லவா? பசிக்கும் முன்னே சாப்பிடு, தாகம் எடுக்கும் முன்னே குடி என்று நூறு ஆண்டுக்கு முன்பே சொல்லிவைத்தவர் வெலோசியோ என்ற பிரெஞ்சுக்காரர். டெக்ராஞ்ச் காலத்திலேயே சைக்கிளுக்குக் கியர் வேண்டும் என்று வாதாடியவரும் அவர்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பள்ளிக்குப் போக ஜெல் பாக்கெட் வேண்டும் என்று அப்பாவை நச்சரிக்காதீர்கள். ஐந்து கிலோமீட்டர் போய்வர நான்கு இட்லியின் சக்திக்கு மேல் செலவாகாது. காலையில் சாப்பிடாமல் கிளம்பாதீர்கள், பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், அது போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டப் போகிறீர்கள் என்றால் மட்டும் பையில் இரண்டு வாழைப்பழம் போட்டுக்கொள்ளுங்கள்.